வார்டில் இரவு இருட்டட்டும்

மனநல வார்டு விளக்குகளுக்கு எஸ்டிமேட் போடும் பொறியாளர்களுக்கும், அதில் கையெழுத்திடும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். கண்காணிப்புக்கென்று 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) ட்யூப் விடிய விடிய எரிகிறது. பகலில் ஜன்னலில் திரை. இப்படிப்பட்ட வார்டில் நோயாளியின் கண்ணுக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை.

2023-ல் பிரிட்டனில் சுமார் 87,000 பேரின் மணிக்கட்டு ஒளிமானிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இரவில் அதிக வெளிச்சம் பட்டவர்களிடம் மனச்சோர்வு ஏறக்குறைய 30% கூடுதல். பகலில் அதிகம் பட்டவர்களிடம் 20% குறைவு. எது காரணம், எது விளைவு என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தூக்கம் வராதவர்தானே விளக்கைப் போடுகிறார்! ஆனால் 2001-ல் வெளியான மிலான் ஆய்வில், காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் அறைகளில் இருந்த இருமுனைக் கோளாறு நோயாளிகள் மேற்கு அறையினரைவிட 3.67 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். மற்ற மனச்சோர்வு நோயாளிகளிடம் வித்தியாசம் இல்லை.

உடல் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கே அதிகம் அசையும். அந்தக் கணக்கில் (மெலனோபிக் லக்ஸ்) பகலில் குறைந்தது 250, படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து 10-க்குள், தூங்கும்போது 1-க்குள் இருக்க வேண்டும். சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை 6500 கெல்வின் எல்இடிக்குச் சுமார் 0.9-ஆலும், மஞ்சள் கலந்த 2700-க்கு 0.45-ஆலும் பெருக்குங்கள். மீட்டரை 1.2 மீட்டர் உயரத்தில், முகம் பார்க்கும் திசையில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மேசையில் மல்லாக்க வைத்தால் எண் அழகாக வரும்; கண்ணுக்கு அவ்வளவு போய்ச் சேராது.

வார்டுக்குப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு சர்க்யூட் கொடுங்கள். இரவு சர்க்யூட்டில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சுவரோடு பதிந்த அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) விளக்குகள். துணியோ கயிறோ மாட்ட விளிம்பு இருக்கவே கூடாது. மூச்சைப் பார்க்கச் செவிலியருக்கு அம்பர் டார்ச் போதும். மருந்து எடுக்கும் மேசைக்கு மட்டும் மூடியிட்ட வெள்ளை விளக்கு; அம்பரில் மாத்திரையின் நிறம் பிடிபடாது. இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெடுவது ஸ்டோரில்தான். அம்பர் பல்பு போனதும் கையில் கிடைக்கும் வெள்ளையை மாட்டிவிடுவார்கள். இரவு விளக்குக்குத் திருகு ஹோல்டர் வைத்தால் பின் வகை வெள்ளை பல்பு அதில் ஏறாது.

காலையில் அரை மணி நேரம் வெளியே உட்கார இடம் வேண்டும். மேகமூட்டத்திலும் 10,000 லக்ஸ் வரை கிடைக்கும். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் வெந்துபோகும்; ஆகவே நிழற்கூரை அவசியம். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு உடலில் நீர் வற்றக்கூடாது; பக்கத்திலேயே குடிநீர்க் குழாய் வேண்டும்.

பில் பாஸ் ஆவதற்கு முன், 0.1 லக்ஸ் வரை காட்டும் மீட்டரோடு இரவு 11 மணிக்குப் போய்த் தலையணை மட்டத்தில் அளந்து, அந்த எண்ணை அளவைப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
மனநல மருத்துவத்திலும் விளக்கமைப்பிலும் வேலை பார்க்கும் சிலர்