நின்ற வண்டியை ஓட வைப்பது பற்றி நண்பனுக்கு

மயிலாப்பூர், சென்னை

அன்பு நண்பனுக்கு,

பிரிட்டனிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. குளிர்காலம் முழுவதும் கராஜில் உறை போட்டு நிறுத்தியிருந்த உன் 1970 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், வெளியே எடுத்ததும் ஸ்டார்ட் ஆனது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பத்து நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறாயே, நாம் தேட வேண்டியது முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பழைய பாயிண்டுக்கும் கண்டென்சருக்கும் பதிலாகப் பொறியை உண்டாக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒன்றை வாங்கி வைத்திருப்பதாகவும், வார இறுதியில் அதைப் பொருத்தப் போவதாகவும் சொல்கிறாய். தயவுசெய்து அது பெட்டியிலேயே இருக்கட்டும். கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு பாகத்தை மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று விளங்காது. சரியாகாவிட்டால், பழைய கோளாறோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டோமோ என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால் ஒன்று பெட்ரோல் வரவில்லை, அல்லது கரண்ட் வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் கராஜ் அல்ல, வண்டி நின்ற அதே சாலையோரம். இன்ஜின் ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் அடிக்காமல், வலது பின்சக்கரத்தருகே அடியில் இருக்கும் எஸ்யூ நிறுவனத்துப் பெட்ரோல் பம்பின் சத்தத்தைக் கேள். நல்ல பம்ப் சில முறை டிக் டிக் என்று அடித்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர்களின் கிண்ணங்கள் நிரம்பியதும் அடங்கிவிடும். அடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், எங்கோ காற்றை உறிஞ்சுகிறது அல்லது டேங்கிலிருந்து வரும் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். கிண்ணம் காலியாக இருந்தும் சத்தமே இல்லையென்றால், பல மாதம் நின்றதில் பம்புக்குள் கரண்டை விட்டுவிட்டு இணைக்கும் பாயிண்ட் கறுத்திருக்கலாம், அல்லது அதன் எர்த் விட்டுப்போயிருக்கலாம்; ஸ்பேனரின் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பாயிண்ட்தான். அப்படியே பெட்ரோல் மூடியையும் திறந்து பார். உஸ் என்று காற்று உள்ளே போனால் டேங்கின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. சற்று நேரம் நின்றால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய் வண்டி மறுபடி கிளம்புகிறது. நீ சொல்லும் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது.

பம்ப் ஒழுங்காக அடித்து அடங்குகிறது என்றால், பொறியை உண்டாக்கும் பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது குளிர்ந்த நிலையில் நன்றாக வேலை செய்து, சூடேறியதும் கைவிட்டுவிடும். ஆறியதும் மீண்டும் உயிர் பெறும். பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் கண்டென்சர் போய்விட்டது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்டின் முகம் கருகியிருப்பதும் தெரியும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை, பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர். அதே மூடிக்குள் சுழலும் ரோட்டரையும் பார்த்துக்கொள். நடுவில் ரிவெட் அடித்த புது ரோட்டர்கள் பல, அந்த ரிவெட் வழியாகவே மின்சாரத்தைத் தண்டுக்குக் கடத்திவிடுகின்றன. ரிவெட் இல்லாத சிவப்பு நிற ரோட்டர் அங்கே உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். அதை வாங்கிப் போடு. பழைய பெயர் அச்சிட்ட பெட்டியில் வருவதாலேயே ஒரு பாகம் பழைய தரத்தில் இருக்கும் என்று நம்பாதே.

இங்கே, எம்ஜிபிக்கு முந்தைய மாடலான என் எம்ஜிஏவும் உன் வண்டியைப் போலவே மாதக்கணக்கில் நின்றது, காரணம் மட்டும் வேறு. உங்கள் ஊரில் பனியும் சாலையில் தூவும் உப்பும் வண்டியைக் கட்டிப்போடுகின்றன என்றால், எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் தேங்கும் நாட்களில் இத்தனை தாழ்வான வண்டியை வெளியே எடுக்க மனம் வராது. பொங்கல் கழிந்து உறையை எடுத்ததும், முதல் வேலையாக டேங்கின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே வெளிறிய மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் கலங்கலாகத் தனி அடுக்கு, அதற்கும் கீழே பழுப்பு நிறத்தில் துருத்தூள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடிமட்டத்தில்தான் இருக்கிறது. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான், இன்று எங்கள் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. உங்கள் நாட்டில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் இ10 (10 சதவீத எத்தனால் வரை) ஆகிவிட்டாலும், சூப்பர் ரகத்தில் எத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாது. அந்த வசதி உனக்கு இருக்கும்போது சில பென்ஸ் மிச்சம் பிடிப்பதற்காக இ10 போடாதே. பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி, அதன் உட்சுவர் கறுப்புத் துணுக்குகளாக உதிரும். அவை கார்பரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோலை அளந்து விடும் நீடில் வால்வில் போய் உட்கார்ந்தால், மேலே நான் சொன்ன எல்லா அறிகுறிகளும் மாறி மாறி வந்து உன்னை அலைக்கழிக்கும்.

என் வண்டியைப் பார்ப்பவர், புதுப்பேட்டையில் வாழ்நாள் முழுவதும் அம்பாசிடர் வேலை பார்த்த பெரியவர் ஒருவர். எம்ஜிஏவின் 1489 சிசி இன்ஜினும் பழைய அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினும் பி-சீரிஸ் என்ற ஒரே இன்ஜின் குடும்பம் என்பதால், அவருக்கு இந்த வண்டியில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இல்லை. உன் 1798 சிசியும் அதே வம்சம்தான். அவர் பானெட்டைத் திறந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகவே இல்லை. என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லிவிட்டு, சோக் கேபிளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். கேபிள் சுட்டது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை துருப்பிடித்துவிட்டதால், ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பட்டையைக் கழற்றி, இரண்டு முனையும் உலோகம் மின்னும் வரை உப்புத்தாள் போட்டு, வாசலின் தடவி மாட்டினார். மந்தமாகச் சுற்றிய ஸ்டார்ட்டர் அன்றே வேகம் பிடித்தது. இந்த வண்டிகளின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைப் பற்றி உலகம் முழுவதும் குறை சொல்கிறார்கள். அந்தக் குறைகளில் பெரும்பகுதி எர்த்திலும், வயர்களை இணைக்கும், பச்சை பூத்த புல்லட் கனெக்டர்களிலும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உன் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் தரைப்பலகையின் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்குமே, அவற்றை இணைக்கும் வயரின் முனைகளை யாரும் பார்ப்பதே இல்லை. நீ பார்.

பெட்ரோலும் கரண்டும் சரியான பிறகே கார்பரேட்டரில் கை வை. இரண்டு எஸ்யூ கார்பரேட்டரிலும் உள்ளிருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் டக் என்று சத்தத்தோடு விழ வேண்டும். பழைய பெட்ரோலின் பிசின் ஒட்டியிருந்தால் தயங்கித் தயங்கி இறங்கும். கழற்றித் துடைக்கும்போது ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றில் போட்டுவிடாதே, அவை ஜோடி ஜோடியாகக் கடைந்தவை. கார்பரேட்டரின் மேலுள்ள டாம்பர் குழாயில் 20 கிரேடு எண்ணெய் ஊற்று. கலவையைச் சோதிக்க, இன்ஜின் சூடான பின், பக்கவாட்டு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக உயர்த்து: வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இ20 வந்த பிறகு நான் பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட் இரண்டையும் சற்று இறக்கிப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

பிரேக்கைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு உங்கள் நாட்டில் ஆண்டுதோறும் செய்யும் எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே உன் பிரேக்கை நீ பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் வைத்துப் பார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், அந்தப் பக்கத்து ஹோஸ் உள்ளே உப்பி, அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கலாம். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் திரவம்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டாட் 4 ரக ஆயில் புதிதாக ஊற்றிவிடு. அடுத்த குளிர்காலத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்து. டயரில் வயதைக் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்து எழுது.

எல்லாம் சரியான பிறகு வாரம் ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டு. கராஜில் நின்றபடி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது எந்தப் பயனும் தராது. சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். நான் ஞாயிறு அதிகாலையில், போக்குவரத்து தொடங்குமுன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறேன். சோழவரம் கார் பந்தயங்களில் கம்பி வேலியோரம் நின்று நாம் கேட்ட அந்த எக்ஸாஸ்ட் சத்தம் இப்போது என் வண்டியிலும் கேட்கிறது என்றால் நீ நம்புவாய் என்று நினைக்கிறேன்.

சாலையோரச் சோதனையில் பம்ப் அடித்ததா, மூடியைத் திறந்ததும் காற்று இழுத்ததா, பொறி என்ன நிறம் என்ற மூன்றுக்கும் விடை எழுது. டிசம்பரில் ஊருக்கு வரும்போது எத்தனால் தாங்கும் ஆர்14 ரக பெட்ரோல் ஹோஸ் இரண்டு மீட்டரும், எம்ஜிஏவுக்குப் பொருந்தும் சிவப்பு ரோட்டர் ஒன்றும் மறக்காமல் வாங்கி வா. பணத்தை உன் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்