தாத்தா சரி, மாமா யார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் புதிர்ப் பக்கத்தை முதல் ஆளாகப் பிரிக்கிறவன் நான். போன இதழில் ‘மாமா × வா = தாத்தா’ என்று ஓர் எழுத்துக்கணக்கு கொடுத்திருந்தீர்கள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். ஒரே எழுத்து எங்கே வந்தாலும் அதே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம். நான் 88 × 7 = 616 என்று எழுதி வைத்திருந்தேன். இந்த இதழில் விடை வந்தது: ‘மாமா 77, வா 8’. அவ்வளவுதான், ஒரே வரி. என் மகள் சிவப்புப் பேனாவை எடுத்து என் தாளில் பெரிதாக ஒரு தப்புக்குறி போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 77 × 8 = 616. 88 × 7-ம் 616 தான். இரண்டிலும் தா 6, த் 1. எந்த இலக்கமும் மோதவில்லை. அப்படியானால் நான் எங்கே தப்பு செய்தேன்?

வழியை நீங்கள் அச்சிட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. போட்டுக் காட்டுகிறேன். மாமா என்பது ஒரே இலக்கம் இரண்டு முறை வருவது: 11, 22, 33 என்று எல்லாமே 11-இன் மடங்கு. அதை எதால் பெருக்கினாலும் தாத்தாவும் 11-இன் மடங்குதான். மூன்று இலக்க எண் ஒன்று 11-ஆல் வகுபட வேண்டுமென்றால், ஓரத்து இரண்டையும் கூட்டி நடு இலக்கத்தைக் கழித்தால் 0 அல்லது 11 வர வேண்டும். தாத்தாவுக்கு இரண்டு ஓரமும் ஒன்றே. ஆகவே 0 வந்தால் 121, 242, 363, 484. 11 வந்தால் 616, 737, 858, 979. மொத்தமே எட்டுப் பேர். இவர்களை 11-ஆல் வகுத்தால் முறையே 11, 22, 33, 44, 56, 67, 78, 89. இந்த எண்தான் மா, வா என்ற இரண்டு ஒற்றை இலக்கங்களின் பெருக்கல். 11, 67, 89 பகா எண்கள், விடுங்கள். 22, 33, 44 மூன்றுக்கும் 11 இல்லாமல் ஆகாது, 78-க்கு 13 இல்லாமல் ஆகாது. மிஞ்சுவது 56. அது ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழு யார், எட்டு யார் என்று புதிரில் எங்கும் சொல்லவில்லை!

தாத்தாவுக்கு விடை ஒன்றுதான், மாமாவுக்கு இரண்டு. ‘தாத்தா எவ்வளவு?’ என்று கேட்டிருந்தால் அருமையான புதிர். போட்டவருக்கே இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வழியை எழுதிப் பார்த்திருந்தால் கடைசி வரியில் பேனா நின்றிருக்கும்.

கலைந்த எழுத்துப் பகுதியிலும் இதே கதை. த, வ, ம் என்று மூன்று எழுத்து கொடுத்துவிட்டு விடை ‘தவம்’ என்கிறீர்கள். ‘வதம்’ என்று எழுதியவர் என்ன பாவம் செய்தார்? (ர, க, ம் கொடுத்தாலும் கரம், ரகம் என்று இரண்டு வரும்.) ஒரு சின்னக் குறிப்பு கொடுத்தால் தீர்ந்தது.

குறுக்கெழுத்துக்கு வேறு நோய். ‘பகடை நடுவே தொலைத்தால் போருக்குப் போகும் (2)’ என்று குறிப்பு. விடை ‘படை’. பகடையின் நடு எழுத்தான ‘க’வை எடுத்தால் படை என்று அடைப்புக்குறிக்குள் நாலு சொல் போட்டிருந்தால், கண்டுபிடிக்க முடியாமல் விட்டவரும் ‘அட!’ என்று சிரித்திருப்பார். வெறும் ‘படை’யைப் பார்த்து என்ன செய்வது? சுடோகுவுக்கு இதெல்லாம் தேவையில்லை, நிரப்பிய கட்டமே சாட்சி.

தர்க்கப் புதிர்தான் ரொம்ப ஆபத்து. ஒரு பரிசுப் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டில் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த போட்டி நடத்துபவர், மற்ற இரண்டில் ஆடு உள்ள கதவைத் திறந்து காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். 1990-இல் அமெரிக்காவின் ‘பரேடு’ இதழில் மர்லின் வாஸ் சவான்ட், மாற்றுவதே லாபம் என்று சில வரிகளில் பதில் எழுதினார். ஆயிரக்கணக்கில் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. கணிதப் பேராசிரியர்களும் திட்டினார்கள். பதில் சரிதான். முதல் தேர்வு மூன்றில் ஒரு முறைதான் காரில் விழும். மற்ற இரண்டு முறையும் நீங்கள் பிடித்திருப்பது ஆடு, இன்னோர் ஆட்டை அவரே காட்டிவிட்டார், மிச்சமுள்ள கதவில் கார். பின்னால் வந்த பத்திகளில் எல்லா வாய்ப்புகளையும் அட்டவணையாகப் போட்டு, பள்ளி வகுப்புகளில் விளையாடிப் பார்க்கச் சொல்லி அவர் விளக்க வேண்டியதாயிற்று.

இடம் இல்லை என்பீர்கள். சரி, எல்லாவற்றுக்கும் வேண்டாம். இதழுக்கு ஒரு புதிருக்கு மட்டும் வழியை முழுசாகப் போடுங்கள். மற்றவற்றுக்கு எங்கே தொடங்குவது என்று ஒரு வரி போதும். ஆறு புதிர் ஐந்தாகக் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம், 88-ம் சரி என்று ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். மேலே எழுதிய வழியை மகளிடம் அப்படியே போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பத்திரிகையில் வரட்டும், பார்க்கலாம்” என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்