சோளகத்துக்கு ஏற்ற தட்டு

அன்பு மகளுக்கு,

ஆடியில் வரும்போது இங்கே டிஸ்க் கோல்ஃப், உன் தட்டெறி விளையாட்டு, ஆட ஓவர்ஸ்டேபிள் டிஸ்டன்ஸ் டிரைவர் ஒன்று, அதாவது எதிர்க்காற்றிலும் கவிழாமல் நெடுந்தூரம் போகிற தட்டு, வாங்கிவரப் போகிறாய், எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஒஸ்லோவில் கடையிலேயே நாலைந்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கிளிநொச்சிக்கு வந்தபிறகு மாற்றி எடுக்க வழியில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காற்றைச் சொல்லவேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இங்கே சோளகம். தென்மேற்கிலிருந்து வரும். வெள்ளனப் பார்த்தால் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏறும்போது எழும்பி, பின்னேரம் வரை விடாது. நீ அங்கே எறிவது காட்டுப் பாதையில். மரங்கள் காற்றை உடைத்துவிடும். இங்கே எறியப்போவது தரவையில், அல்லது காலபோக நெல் வெட்டித் தரிசாகக் கிடக்கும் மானாவாரி வயலில். குளக்கட்டைத் தவிர மறைப்பு ஒன்றும் இல்லை. அங்கே ஒழுங்காகப் பறக்கிற உன் தட்டுகள் இங்கே எதிர்க்காற்றில் வலப்பக்கம் கவிழ்ந்து நிலத்தில் உருண்டு போகும். கையில் பிழை தேடாதே. காற்றுக்கு ஏற்ற தட்டு உன் பையில் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் கவிழ்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் தெரிவு பாதி முடிந்தமாதிரி. தட்டைத் தூக்கும் விசை சரியாக நடுவில் பிடிப்பதில்லை. தட்டு வேகமாகப் போகும்போது அது நடுவுக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, முன்விளிம்பைக் கீழே அமுக்கப் பார்க்கும். வேகம் குறையும்போது முன்னால் நகர்ந்து, முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழல்கிற பொருளில் இப்படி ஒரு முறுக்கம் விழுந்தால் அது 90 பாகை தள்ளித்தான் வெளிப்படும். வலக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுகிற பாக்ஹாண்டில் தட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே வேகமாக இருக்கையில் வலப்பக்கம் சரிகிறது, அது டேர்ன். ஓயும்போது இடப்பக்கம் சரிகிறது, அது ஃபேட். ஓவர்ஸ்டேபிள் என்பது வேகமாக இருக்கும்போதும் வலப்பக்கம் சரிய மறுத்து, ஓயும்போது உறுதியாக இடப்பக்கம் விழுகிற தட்டு.

இனிக் கணக்கைப் பார். நீ மணிக்கு 85 கிலோமீற்றர் வேகத்தில் விட்ட தட்டு 25 கிலோமீற்றர் எதிர்க்காற்றுக்குள் போனால், அதன்மேல் அடிக்கிற காற்றின் வேகம் 110. உன் கை அந்த வேகத்தை ஒருபோதும் கொடுத்திராது, ஆனால் தட்டு அப்படித்தான் பறக்கும். டேர்ன் கூடும், தட்டைத் தூக்கும் விசையும் கூடும். பின்காற்றில் இதே கணக்கு 60 ஆகிவிடும். எந்தத் தட்டும் ஓவர்ஸ்டேபிளாக மாறிச் சீக்கிரம் விழும். ஆகவே நீ வாங்கப்போவது எதிர்க்காற்றுக்கான தட்டு. பின்காற்றுக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

தட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் உனக்குத் தெரிந்தவை: வேகம், மிதப்பு, டேர்ன், ஃபேட். பலர் முதல் எண்ணில்தான் பிழைவிடுகிறார்கள். 12 என்பது தட்டு உனக்குத் தரும் வேகம் அல்ல, நீ அதற்குக் கொடுக்கவேண்டியது. கொடுக்காவிட்டால் அது டேர்ன் எண்ணைக் காட்டாது, ஃபேட்டை மட்டும் காட்டும். காற்றில்லாத வெட்டையில், வேக எண் குறைந்த ஃபெயார்வே டிரைவரால் 100 மீற்றரைத் தாண்டாத கைக்கு, 12 வேக ஓவர்ஸ்டேபிள் தட்டு தூரம் தராது. இடப்பக்கம் வெட்டிக்கொண்டு முன்னதாகவே விழும். இன்னொன்று, ஒவ்வொரு கம்பனியும் தன் எண்ணைத் தானே போடுகிறது. ஒரு கம்பனியின் 12, 5, 0, 3 ஐ மற்றதின் அதே எண்களோடு அப்படியே ஒப்பிடாதே.

பெயர்களுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் இனோவாவின் டெஸ்ட்ரோயராக இருக்கும்: 12, 5, −1, 3. நல்ல தட்டு, ஆனால் டேர்னில் உள்ள அந்த −1, அதாவது வலப்பக்கச் சரிவு, சோளகத்தில் தலைகாட்டும். இங்கே எதிர்க்காற்றுக்கு அதை நம்பமாட்டேன். டிஸ்க்ராஃப்டின் ஃபோர்ஸ் 12, 5, 0, 3. இனோவாவின் எக்ஸ்கலிபர் 12, 5, 0, 4. டைனமிக் டிஸ்க்ஸின் என்ஃபோர்சர் 12, 4, 0.5, 4, டேர்ன் எண் கூட்டலில் இருப்பதால் வலப்பக்கம் போவதற்கு இடமே வைக்காத தட்டு. நியூக் ஓஎஸ் 13, 4, 0, 4. சுவீடனின் காஸ்டாபிளாஸ்ட் செய்யும் ராஸ்க் 14, 3, 0, 4. அது பலத்த கைக்கானது, உனக்கு வேண்டாம். இவற்றோடு இனோவாவின் ஃபயர்பேர்டையும் சேர்த்துப் பார்: 9, 3, 0, 4. அது டிஸ்டன்ஸ் டிரைவர் அல்ல, ஃபெயார்வே வகை.

உன் எறி இப்போது 90 மீற்றர் அளவில் நிற்கிறது. அதற்கு என் முடிவு: ஃபோர்ஸ் ஒன்று, ஃபயர்பேர்ட் ஒன்று. காசு ஒன்றுக்குத்தான் என்றால் ஃபயர்பேர்ட். காற்றில்லாத விடியலில் இந்த இரண்டும் உன் கையில் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். சோளகம் எழும்பி 110 என்ற கணக்கு வரும்போதுதான் ஃபோர்ஸ் தன் இயல்பில் பறக்கத் தொடங்கும், அப்போதுதான் அதற்குக் கொடுத்த காசுக்குப் பயன். ஃபேட் 4 உள்ள எக்ஸ்கலிபரும் என்ஃபோர்சரும் இன்னும் 15, 20 மீற்றர் உன் எறியில் கூடினபிறகு பார்க்கலாம்.

அடுத்தது விளிம்பு அகலம். விளிம்பைச் சரிவாக்கின முதல் கோல்ஃப் தட்டு டேவ் டனிபேஸின் ஈகிள், 1983 இல் வந்தது. அதன் பிறகு வேகம் கூடக் கூட விளிம்பும் அகன்றுகொண்டே போனது. டெஸ்ட்ரோயர் வகைக்கு 2.2 சென்ரிமீற்றர் அளவு. 13, 14 வேகத் தட்டுகளுக்கு இன்னும் கூட. போட்டி விதி விடுகிற உச்சம் 2.6. உன் விரல் நீளம் இதில் முக்கியம். நான்கு விரலையும் உள்ளே மடித்துப் பிடித்துப் பார். விரல்நுனிகள் உள்விளிம்பின் சுவரில் அழுந்தவேண்டும். தொட்டும் தொடாமலும் நின்றால் தட்டு முன்னதாகக் கழன்று இடப்பக்கம் பறக்கும், அல்லது தள்ளாடும். அப்படியானால் எண்கள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் வைத்துவிடு.

ஒரே பெயர், ஒரே பிளாஸ்ரிக், ஒரே நிறை என்றாலும் ஒவ்வொரு தட்டும் வேறு. அச்சிலிருந்து எடுத்து ஆறும்போது ஒவ்வொன்றும் வேறுமாதிரிச் சுருங்குவதுதான் காரணம். அதனால் கடையில் இருக்கிற ஃபோர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து, கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார். தட்டின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்திக்கிற மிக வெளிப்புறக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கவனி. சில்லறைக் காசுகளை அடுக்கி ஒப்பிட்டால் அரை மில்லிமீற்றர் வித்தியாசமும் தெரியும். கோடு உயர்ந்தது கூடுதல் ஓவர்ஸ்டேபிள். பிறகு மேல்முகத்தைப் பார். தட்டையானதுதான் உனக்கு வேண்டும். நடு எழும்பியது மிதப்பைக் கூட்டும், மிதப்பு எதிர்க்காற்றில் தட்டை மேலே ஏற்றிவிடும். கீழ்விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவு. மேசையில் ஆடாமல் உட்காரவேண்டும். ஆடினால் அது வளைந்த தட்டு.

நிறை 173 முதல் 175 கிராம். விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் என்பதுதான் விதியின் உச்சம்; 21.1 சென்ரிமீற்றர் தட்டுக்கு அது 175 இல் வந்து நிற்கும். பெண்பிள்ளை என்று பார்த்து 160 கிராம் தட்டை எடுத்துத் தந்தால் வாங்காதே. காற்றில்லாத இடத்துக்கு அது சரி, சோளகத்தில் அது அலையும்.

பிளாஸ்ரிக்கில் என் எண்ணம் கடைக்காரர் சொல்வதோடு ஒத்துப்போகாது. ஓவர்ஸ்டேபிள் தட்டு என்றால் கடினமான, கண்ணாடி போன்ற வகையைத்தான் காட்டுவார்கள்: இனோவாவில் சாம்பியன், டிஸ்க்ராஃப்டில் சீ (Z). அவை மரத்தில் மோதித் தேயாமல் நெடுநாள் இயல்பு மாறாமல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே மோத மரம் குறைவு, வியர்வை அதிகம். ஈரக் கையில் அந்த வழுவழுப்பு நழுவும். ஆகவே இனோவாவில் ஸ்டார், டிஸ்க்ராஃப்டில் ஈஎஸ்பி எடு. மலிந்த டிஎக்ஸ் வகை வேண்டாம். கிறவலிலும் காய்ந்த மண்கட்டியிலும் இரண்டு கிழமை விழுந்தால் விளிம்பு சிராய்த்து, ஓவர்ஸ்டேபிள் தன்மையே போய்விடும். சின்னத் துவாய் இரண்டும் கொண்டுவா, ஒன்று கைக்கு, ஒன்று தட்டுக்கு.

நிறத்தை அலட்சியம் பண்ணாதே. ஆடியில் தரவைப் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும், மண் சிவப்பு. மஞ்சள், தோடம்பழ நிறம், சிவப்பு மூன்றும் பத்து மீற்றரிலேயே மறைந்துவிடும்; பச்சை பற்றைக்குள் போனால் அவ்வளவுதான். நீலம் அல்லது கடும் இளஞ்சிவப்பு எடு.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். 0 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று 1.29 கிலோ, இங்கத்தைய 33 பாகையில் ஏறக்குறைய 1.15. காற்று மெலிந்ததால், எதிர்க்காற்று இல்லாத நேரத்தில் தட்டு அங்கத்தையக் குளிர்காலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் இழுக்கும். பிளாஸ்ரிக்கும் இளகும். வெயிலில் நிற்கிற வான் வண்டிக்குள் தட்டை விட்டால் வளைந்துபோகும். வளைந்தால் சுடுநீரில் சற்று நேரம் அமிழ்த்தி, மட்டமான தரையில் வைத்து ஆறவிடு. சூட்கேசில் உடுப்புகளுக்கு இடையில் படுக்கையாக வை, மேலே பாரம் ஏற்றாதே.

இனி எறிவது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் நீ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மேற்குப் பார்த்து நின்றால் காற்று இட முன்பக்கத்திலிருந்து வரும். பாக்ஹாண்ட் தட்டு கடைசியில் இடப்பக்கம் சரியும்போது தன் மேல்முகத்தைக் காற்றுக்குக் காட்டும், காற்று அதை நிலத்தில் அமுக்கும். தூரம் கொஞ்சம் குறையும், ஆனால் நினைத்த இடத்தில் கிடக்கும். தெற்குப் பார்த்து நின்றால் காற்று வல முன்பக்கம். அதே சரிவில் இப்போது அடிமுகம் காற்றைப் பிடிக்கும். சுளகைக் காற்றுக்கு நேரே நிமிர்த்தினால் கையைவிட்டு இழுப்பதுபோல, தட்டைத் தூக்கி இடப்பக்கமாக நெடுந்தூரம் கொண்டுபோய்விடும். ஓவர்ஸ்டேபிள் தட்டு என்பதால் அந்தச் சரிவு இன்னும் சீக்கிரம் தொடங்கும். அதனால் தெற்குப் பார்த்து ஃபோர்ஹாண்ட் எறி, அதாவது கையை வலப்பக்கத்திலிருந்தே வீசு. ஃபேட் வலப்பக்கம் திரும்பும், மேல்முகம் காற்றுக்கு வரும். ஃபோர்ஹாண்டில் சுழற்சி குறைந்து தள்ளாட்டம் கூடுவது வழக்கம், அதையும் இந்தத் தட்டு தாங்கும்.

எதிர்க்காற்றில் பலம் கூட்டாதே. தலையுயரத்துக்குக் கொஞ்சம் மேலாகத் தாழ்த்தி, மட்டமாக விடு. முன்விளிம்பு தூக்கிக்கொண்டு வெளியேறினால் எந்தத் தட்டும் மேலேறி நின்று இடப்பக்கம் விழும். அதைப் பார்த்துத் தட்டு அளவுக்கு மிஞ்சிய ஓவர்ஸ்டேபிள் என்று முடிவு செய்யாதே. மற்றப் பக்கமும் உண்டு. விடும்போது மணிக்கட்டைப் புரட்டுகிற பழக்கம் இருந்தால் தட்டு வலப்பக்கம் கவிழும், ஓவர்ஸ்டேபிள் தட்டு அந்தப் பிழையை மூடிமறைக்கும். இதை மட்டுமே எறிந்துகொண்டிருந்தால் பிழை கையில் உறைந்துவிடும். விடியலில் நேரே பறக்கிற உன் பழைய தட்டை எறிந்து கையைச் சரிபார்த்துக்கொள், காற்று எழும்பினபிறகு புதியதை எடு.

வந்த முதல் காலையிலேயே ஒரு சோதனை செய். காற்றில்லாத நேரத்தில் ஒரே உயரத்தில், மட்டமாக, அரைப் பலத்தில் ஐந்து எறி, முழுப் பலத்தில் ஐந்து எறி. விழுந்த இடங்களுக்குத் தடி நடு. பின்னேரம் அதே இடத்தில் நின்று காற்றைப் பார்த்து எறி. அரைப் பலத்தில் விழுந்த இடத்துக்கும் முழுப் பலத்தில் விழுந்த இடத்துக்கும் திசையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அந்தத் தட்டுக்கு உன் கை இன்னும் போதவில்லை. எதிர்க்காற்றிலும் அது வலப்பக்கம் அசையாமல் போய் இடப்பக்கம் விழுந்தால் வாங்கியது சரி. காய்ந்த தரையில் விழுந்தபிறகு சறுக்கிக்கொண்டு இன்னும் இடப்பக்கம் போகும், அதற்கும் இடம் விட்டுக் குறிவை.

இடத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே கேள், பிள்ளை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோக நெல் நிற்கும், அந்தப் பக்கம் எறியாதே. குளத்துக்குள் விழுந்தால் இந்த நிறைத் தட்டு தாழும். குளங்களில் முதலை உண்டு, இறங்கித் தேடக்கூடாது. வன்னியில் இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இருக்கின்றன. சிவப்புப் பலகை நட்ட எல்லைக்குள் தட்டு போனால் அது போனதுதான், எவ்வளவு கிட்டக் கிடந்தாலும் சரி. பலகை இல்லாத பற்றை என்றாலும் ஊராட்களைக் கேட்காமல் கால் வைக்காதே. ஆகவே எறியும் திசையின் இடப்பக்கம் 40 மீற்றருக்காவது மாடு மேய்கிற, ஆட்கள் நடமாடுகிற வெட்டையாக இருக்கவேண்டும், ஏனென்றால் நீ வாங்கப்போகும் தட்டு பிழைத்தால் அந்தப் பக்கம்தான் போகும்.

ஃபோர்ஸ் கிடைத்தால் ஒன்றுக்குப் பதில் ஒரேமாதிரி இரண்டு எடுக்க முடியுமா என்று பார். வாங்கினதும் மேசையில் வைத்து விளிம்பு மட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. கோட்டின் உயரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கடை மாற்றித் தரும் தவணை முடியமுதல் அனுப்பவேண்டும்.

அன்புடன்,
அம்மா