செந்திலுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே நலம். வித்யா, நிலா நலமா? நீ குடும்ப குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டதால் இதை மெயிலில் எழுதுகிறேன். மாப்பிள்ளை சிரிப்புப் பொம்மை போட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. என் சர்க்கரை ரிப்போர்ட்டுக்கும் அவர் அதே பொம்மையைத்தான் போட்டார்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாஷிங்டன் தெருக்களின் மேல் சிவப்புக் கோட்டில் ஐந்து முனை நட்சத்திரம். கீழ் முனை வெள்ளை மாளிகை, மற்றவை டுபாண்ட் சர்க்கிள், லோகன் சர்க்கிள், வாஷிங்டன் சர்க்கிள், மவுண்ட் வெர்னான் சதுக்கம். ஃப்ரீமேசன்கள் என்கிற ரகசியச் சடங்குச் சங்கத்தார் நகரத்தின் நெற்றியிலேயே தங்கள் முத்திரையைக் குத்திவிட்டார்கள் என்று சொல்லி, ‘அப்பா, நீங்கள் சர்வேயர், உங்களுக்குப் புரியும்’ என்றும் எழுதியிருந்தாய். என் வேலையைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால் சர்வேயராகவே சொல்கிறேன், கேள்.

அந்த நட்சத்திரம் முழுசாக இல்லை. ரோட் ஐலண்ட் அவென்யூ லோகன் சர்க்கிளிலிருந்து தென்மேற்கே வந்து கனெக்டிகட் அவென்யூவில் முட்டி நின்றுவிடுகிறது. வாஷிங்டன் சர்க்கிள் வரை போகவே இல்லை. உன் படத்தில் மீதிக் கோடு கட்டடங்களின் தலைமேல் ஏறிப் போகிறது. புலப்படத்தில் நான் இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும். 1791இல் அந்த நகரத்தை வடிவமைத்த லான்ஃபான் போட்ட திட்டமே அப்படிப்பட்டது: கட்டம் கட்டமாகத் தெருக்கள், அவற்றை வெட்டிக்கொண்டு சாய்வாக அகலமான அவென்யூக்கள். அந்த மாதிரி வரைபடத்தில் நட்சத்திரமும் தேடலாம், பட்டமும் தேடலாம். நாங்கள் நிலத்தை அளக்க உள்ளே முக்கோணம் முக்கோணமாக ஜி லைன் போடுவோம். மேசன் சின்னத்திலும் நடுவில் ஒரு ஜி உண்டு. அதற்காக நம் தாலுகா ஆபீஸையும் சேர்த்துவிடாதே.

உன் செய்திகள் எல்லாம் நான் சாப்பிட உட்காரும் நேரத்தில், மதியம் ஒரு மணிக்கு வருகின்றன. உனக்கு அப்போது விடியற்காலை மூன்றரை. ஆபீசில் இரவு வேலை போட்டிருக்கிறார்களா? முன்பு அப்படி இல்லையே. தூக்கம் முக்கியம் செந்தில்.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது ஜோன்ஸ் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்தார்கள். நீ மட்டும் என்னோடு சுவரின் அடியில் குனிந்து அந்த எல்லைக் கல்லைப் பார்த்தாய். தலைநகருக்கென்று ஒதுக்கிய பத்து மைல் சதுரத்தின் முதல் கல்லை 1791 ஏப்ரலில் அங்கேதான் நட்டார்கள். நட்டவர்கள் அந்த அலெக்சாண்ட்ரியா ஊர் மேசன்கள்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்க பெஞ்சமின் பன்னக்கர் என்கிற கறுப்பின மனிதர் துணை நின்றார். மேரிலாண்டில் விவசாயி, வானியலைத் தானே படித்துத் தேறியவர், அப்போது வயது 59. குளிர்காலத்தில் கூடாரத்தில் இரவெல்லாம் விழித்திருந்து நட்சத்திரம் பார்த்து நேரமும் அட்சரேகையும் குறித்தார். அவர் கண் விழித்ததில் ஒரு கல் நின்றது. நீ எதற்காக விழித்திருக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

அந்தக் கல்லை நீ பார்த்த பார்வை எனக்கு மறக்காது. வித்யாவிடம்கூடச் சொன்னேன், இவன் என் பிள்ளைதான் என்று. அப்படிப்பட்ட நீ, யாரோ பின்னணி இசை போட்டுப் பேசுகிற வீடியோவை எங்களுக்கெல்லாம் அனுப்புகிறாய். அதுதான் தாங்கவில்லை.

1793 செப்டம்பர் 18 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் மேசன் ஏப்ரன் கட்டிக்கொண்டு கேப்பிட்டல் என்கிற நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தது நிஜம். அலெக்சாண்ட்ரியா லாட்ஜுக்கு, அதாவது மேசன் கிளைக்கு, அவரே தலைவராக இருந்தவர். ஆனால் ஊர்வலமாகப் போய் வைத்தார்கள், செய்தித்தாளில் வந்தது. பதினாறாவது தெருவில் அவர்கள் கோவில் இருக்கிறது, 33 தூண், ஒவ்வொன்றும் 33 அடி. அவர்கள் சங்கத்தில் உறுப்பினர் ஏறுகிற படிநிலைகள் 33 என்பதால் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஆளைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். உன் பால்கனியில் நின்றால் தெரிகிற அந்த 333 அடிக் கோபுரத்தின் பெயரிலேயே மேசன் என்று இருக்கிறது. இதில் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? நம் சேகர் மாமாவும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எழும்பூர் மேசன் ஹாலுக்குப் போய்வந்தவர்தான். அவர் உலகத்தை ஆண்டாரா? அத்தையிடம் ஸ்கூட்டர் சாவி வாங்கவே பாடுபட்டார்.

வாஷிங்டன் நினைவுத்தூண் கணக்கையும் பார்த்துவிட்டேன். 555 அடியைப் பன்னிரண்டால் பெருக்கினால் 6660 அங்குலம், அதில் 666 இருக்கிறது, ஆகவே சாத்தான் எண் என்கிறான் அந்த வீடியோக்காரன். அதன் உயரமாகச் சொல்லிவந்தது 555 அடி 5 அங்குலம். அந்த ஐந்து அங்குலத்தை எங்கே விட்டான்? 2015இல் வெளியிட்ட புது அளவில் 554 அடி 7 அங்குலம் சொச்சம்தான். எங்கிருந்து அளக்க வேண்டும் என்கிற விதி மாறிவிட்டது. சாத்தானுக்கு விதி மாறியது தெரியாது போல. இன்னொன்று, அந்தத் தூண் திட்டத்தில் குறித்த இடத்திலேயே இல்லை. அங்கே மண் சதசதப்பு, இவ்வளவு கனத்தைத் தாங்காது என்று சில நூறு அடி தள்ளிக் கட்டினார்கள். நீ சொல்லும் துல்லியமான ரகசியக் கோடு சேற்றைப் பார்த்து விலகிப் போயிருக்கிறது.

தூணில் பாதிக்குக் கீழே நிறம் மாறுகிறதே, அதன் கதை தெரியுமா? போப் அனுப்பிய பளிங்குக் கல்லை 1854இல் ஒரு கூட்டம் இரவில் புகுந்து தூக்கிப் போய்விட்டது. போப் ரகசியமாக அமெரிக்காவைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நம்பியவர்கள். பணம் நின்றது, வேலை நின்றது, பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. திரும்ப 1879இல் தொடங்கியபோது பழைய நிறத்தில் கல் கிடைக்கவில்லை. 1884 டிசம்பரில்தான் முடித்தார்கள்.

இதையெல்லாம் விடு. எனக்கு ஒரு செய்தி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 2016 டிசம்பரில் அதே கனெக்டிகட் அவென்யூவில் ஒரு பீட்சா கடைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு போனான். கீழறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் படித்து, நம்பி, நார்த் கரோலினாவிலிருந்து காரில் வந்தவன். உள்ளே சுட்டான். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தக் கடைக்குக் கீழறையே கிடையாது. நான்கு வருடம் சிறை. அப்போது அவனுக்கும் பெண் குழந்தைகள் இருந்தார்கள். நீ அப்படிப்பட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் மூன்றரை மணிக்குச் செய்தி வரும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. தூங்கு செந்தில். மாத்திரை போட்டாவது தூங்கு. இல்லை, மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நிலாவைக் கூட்டிக்கொண்டு ரோட் ஐலண்ட் அவென்யூ முடிகிற இடம் வரை நடந்து போ. அந்த முனையில் என்ன கட்டடம் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன். நிலாவையும் சேர்த்து எடு. அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, வீடியோ காலில் நீ மட்டும்தான் வருகிறாய்.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மா பருப்புப் பொடியும் வடகமும் கட்டி வைத்திருக்கிறாள். கூரியர்காரன் முகவரி கேட்கிறான். பழைய வீடுதானே? வித்யாவும் நிலாவும் அங்கேதானே இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் மட்டுமாவது பதில் போடு, மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா