லேகியத்துக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்மைக்குறைவை ஒரே மண்டலத்தில் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் நாளிதழ்களில் வரவே கூடாதவை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அவற்றைத் தடுக்கிறது; விளம்பரம் கொடுப்பவரோடு வெளியிடுபவரும் அதில் மாட்டுவார். அதைவிடப் பெரிய கவலை, அவற்றை நம்பி லேகியம் வாங்கும் ஐம்பது வயதுக்காரரின் இதயம்.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனி 3 முதல் 4. சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, சிகரெட் எல்லாம் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது சிறிய குழாய்தான் முதலில் அடி வாங்கும். நெஞ்சுவலி தலைகாட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்பு தளர்ந்துபோவது பலருக்கு நடக்கிறது. அந்த ஆண்டுகளைத்தான் லேகியம் விழுங்கிவிடுகிறது.

தளர்ச்சி திடீரென்று தொடங்கி, விடியற்காலை எழுச்சி மட்டும் வழக்கம்போல இருந்தால் பெரும்பாலும் பதற்றமோ மனச்சோர்வோ காரணம். மெல்ல மெல்லக் குறைந்து காலை எழுச்சியும் போய்விட்டால் ரத்தக் குழாயையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். பிரஷருக்குப் போடும் அட்டெனோலால் மாத்திரை, சிறுநீரைப் பிரிக்கும் தயசைடு வகை, மனச்சோர்வு மாத்திரைகள் சில, இவையும் காரணமாகலாம். தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

மூன்று மாதம் நீடித்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்பு, பிரஷர், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். கடைசியது காலை 11 மணிக்குள் எடுத்தால்தான் கணக்கு. குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். மாலையில் எடுத்த ஒற்றை ரிப்போர்ட்டை நம்பி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தியே படுத்துவிடும், குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடி. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை.

விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் (வயாகரா) டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள், 65 வயதைத் தாண்டியவருக்கு 25. உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும். பிரியாணி சாப்பிட்ட வயிற்றில் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும், வீரியமும் குறையும். ஆசையும் தீண்டலும் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்துவிடாது. ஒரே ஒருமுறை போட்டுவிட்டு 'எனக்குக் கேட்கவில்லை' என்பவர்களிடம் பெரும்பாலும் பிழை இந்த இடங்களில்தான் இருக்கும். சரியான அளவில், சரியான நேரத்தில் ஐந்தாறு முறை பார்த்தும் பலனில்லை என்றால் வெற்றிடப் பம்பு, உறுப்பில் போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் கருவி என்று வழிகள் உண்டு. பம்போடு வரும், விறைப்பைத் தக்கவைக்க உறுப்பின் அடியில் மாட்டும் வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிட வேண்டும். எதனால் வந்த விறைப்பும் நான்கு மணி நேரம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. தாமதித்தால் தசை நிரந்தரமாகச் செத்துவிடும்.

'மூலிகை' என்று விற்ற பொடிகளிலும் குளிகைகளிலும் சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளின் ஆய்வகச் சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும், உயிரே போகலாம். நெஞ்சுவலிக்கே கொடுக்கும் நிக்கோராண்டிலுக்கும் இதே எச்சரிக்கை. சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மாத்திரையான டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. ஆகவே நெஞ்சு வலித்தால், 108 ஆம்புலன்ஸ் ஊழியர் நாக்கடி மாத்திரையை நீட்டும் முன்பே, பக்கத்தில் மகனோ மருமகளோ நின்றாலும் கூச்சப்படாமல், எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது, லேகியம் ஏதும் சாப்பிட்டதுண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவர்,
திருச்சி