‘காட்டிக்கொடுத்த நாடு’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமஸ்தானங்கள் கட்டுரையில் புதுக்கோட்டைக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த தொண்டைமானின் நாடு, 1947 ஆகஸ்டோடு முடிந்தது.’ நாற்பது ஆண்டுகளாக உங்கள் இதழை வாங்குகிறேன். அன்று படித்ததும் மனம் ஆறவில்லை.

1799இல் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கிழக்கிந்தியக் கும்பெனியிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள்தாம். வரலாற்று ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதை மாணவர்களிடம் நான் மறைத்ததில்லை. ஆனால் திருச்சி முற்றுகையின்போது கும்பெனிப் படைக்குத் தானியம் அனுப்பிய நாளிலிருந்தே அவர்கள் வெள்ளையர் பக்கம் நின்றவர்கள். அதைக் குற்றம் என்று எழுதுங்கள், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். கூட இருந்து குழிபறித்தவனுக்கு உரிய சொல்லையா அவர்களுக்குப் போடுவது? கட்டபொம்மனின் அண்டைப் பாளையமான எட்டயபுரமும் அப்போது வெள்ளையர் பக்கமே நின்றது என்பது தாங்கள் அறியாததல்ல.

என் மகளுக்கு வரன் பார்க்கத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தோம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் மாப்பிள்ளையின் பெரியப்பா, “காட்டிக்கொடுத்த ஊர்க்காரர்களா?” என்றார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மனைவி எழுந்துவிட்டாள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய பழி என் வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கிறது, ஐயா.

இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் அதை விட்டால் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்த கதைக்குப் போய்விடுகிறார்கள். ஆண்கள் படித்த கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர வழிவிட்டவரும் அதே ராஜாதானே? திவான் சேஷய்ய சாஸ்திரி வெட்டிய புதுக்குளம் எவர் கண்ணிலும் படவில்லையா?

என் அப்பத்தாவின் சுருக்குப்பையில் ஓர் அம்மன் காசு இருந்தது. நவராத்திரியில் அரண்மனை அரிசியோடு கிடைத்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. விரல் நுனி அளவுகூட இல்லாத செப்புக்காசு. வெள்ளையர் ஆட்சியிலும் தன் காசைத் தானே வெளியிட்ட சமஸ்தானம் அது. உங்கள் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது 1948 மார்ச் 3 அன்று. அந்தத் தேதியையாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் பழைய வாசகன்,
திருக்கோகர்ணம், புதுக்கோட்டை.