கங்காணிக் கம்பும் ஒரு கையெழுத்தும்

பாளையங்கோட்டை
10.2.2026

அன்புள்ள பெரிய மனுசிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. திட்டு. முடித்துவிட்டாயா? சரி, இனிப் படி.

உடம்பு தேவலை. சர்க்கரை நான் சொன்னபடி கேட்பதில்லை, நானும் அது சொன்னபடி கேட்பதில்லை. பிசான அறுப்பு தொடங்கிவிட்டது, ரோடெல்லாம் வைக்கோல். பழைய வார்டன் சிஸ்டரை முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். "அந்தக் கொய்யா மரத்துக்காரி எப்படி இருக்கா?" என்றார்கள். உன் பெயர் மறந்துவிட்டது, குற்றம் மறக்கவில்லை.

போன ஜூனிலிருந்து எனக்குப் புது வேலை: புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கான பணி. ஐம்பத்தாறு வயதில் இந்தி எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தி எதிர்ப்பு நோட்டீஸ் ஒட்டின உன் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே. கூடங்குளத்தில் அணு உலைக் கட்டுமானத்துக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், ஒரு அறைக்குப் பத்துப் பேராக, வடக்கன்குளம், செட்டிகுளம் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். நான் மனப்பாடம் செய்த இந்தியில் நலம் விசாரித்தால் அவர்களுக்குள் சாத்ரி என்கிற தங்கள் ஊர்ப் பேச்சில் பேசிச் சிரிக்கிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிப் பிள்ளைகள், நிறையப் பேர் கத்தோலிக்கர்கள். அந்தப் பக்கத்துக்கு 1885-ல் போன லீவன்ஸ் என்ற பெல்ஜியச் சாமியார், ஜமீன்தார்களிடம் நிலம் இழந்தவர்களுக்காகக் கோர்ட் வழக்குகளில் நின்றவர். அதனால் இவர்களுக்குப் பூசை எவ்வளவு பழக்கமோ கோர்ட்டும் அவ்வளவு பழக்கம் என்று நான் கேலி செய்வேன். கிறிஸ்துமஸுக்கு 'மாந்தர்' என்கிற அவர்கள் மேளத்தை அடித்துக் கைகோத்து ஆடினார்கள் பார், நம் பாடகர் குழு வெட்கப்பட வேண்டும். நானும் ஆடினேன். முழங்கால் மூன்று நாள் பேசவில்லை.

இதையெல்லாம் எப்போதோ எழுதியிருக்கலாம். இழுத்தடித்ததற்குக் காரணம் உன் கடிதத்தின் கடைசி நாலு வரிதான். பெங்களூரில் உன் மகளுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், "நம்ம பக்கத்துப் பிள்ளையா, ஏழைப்பட்ட வீடா, அடக்கமா இருந்தா நல்லது. நீ சொன்னால் நம்பி அனுப்புவார்கள்" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

என் விடுதியில் இருந்த ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டாள். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறவள், மேலே குழுக் கடன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தெருக்கார அத்தை ஒருத்தி என்னிடம் வந்தாள். நம் பங்குக்காரிதான், திருவிழாவுக்குக் கொடி வாங்கிக் கொடுக்கிற கை. "வெளிநாட்டுல நல்ல வீடு சிஸ்டர். பிள்ளை யோக்கியமானவன்னு நீங்க ஒரு எழுத்து கொடுத்தா போதும்" என்றாள். நல்லது நடக்கட்டும் என்று விடுதித் தாளில் நன்னடத்தைச் சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. அது வெளிநாட்டு வீட்டுக்காரருக்காக வாங்கினது இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மாக்காரி தயங்கியிருக்கிறாள். அவளிடம் கொண்டுபோய், "சிஸ்டரே கையெழுத்துப் போட்டுட்டாவ, இனி என்ன பயம்?" என்று காட்டியிருக்கிறார்கள்.

பத்தாவது தேறாதவர்களுடைய பாஸ்போர்ட்டில் இன்ன நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்று இருக்கும். முப்பது வயதாகாத பெண்ணை அங்கே வீட்டு வேலைக்கு அனுப்ப விதியில் இடமே இல்லை. அதற்கு மேல் வயதானவர்களும் அரசு நடத்துகிற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், சென்னையில் அப்படி ஒன்று இருக்கிறது. இவளுக்கு அப்போது பத்தொன்பது. அதனால் விசிட் விசாவில் துபாய், அங்கிருந்து வண்டியில் ஓமான். கத்தாமா வேலை, அதாவது வீட்டு வேலைக்காரி. ஒரு வீடு என்று சொல்லிவிட்டு இரண்டு வீடு. பாஸ்போர்ட் கபிலிடம் (வேலைக்கு எடுத்த முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), போன் வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம், அதுவும் வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் நிற்க. முதல் ஐந்து மாதம் சம்பளமே கிடையாது. ஊருக்குப் போகிறேன் என்று அழுதால், "உனக்குக் கொடுத்த காசைத் திருப்பி வைத்துவிட்டுப் போ." வேறு சில நடந்திருக்கிறது, அதை அவள்தான் சொல்ல வேண்டும், நான் எழுதக் கூடாது.

எனக்குத் தெரிய வந்தது போன வருஷம். ரோமில் துறவற சபைத் தலைவிகளின் ஒன்றியம் 2009-ல் தொடங்கிய 'தலித்தா கும்' என்ற வலையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் செத்துப்போன சிறுமியின் கையைப் பிடித்து, சிறுமியே எழுந்திரு என்று சொல்கிற அதே வார்த்தை. நம் நாட்டில் அதன் கிளைக்கு அம்ராட் என்று பெயர். பெயரெல்லாம் பெரிதாக இருக்கிறது, வேலை என்னவோ ஒரு கன்னியாஸ்திரி இன்னொரு கன்னியாஸ்திரிக்குப் போன் போடுவதுதான். அப்படிப் போட்ட போன் கை மாறிக் கை மாறிக் கோவிலுக்கு வருகிற ஒரு மலையாள நர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் புண்ணியவதி அவளைக் கண்டுபிடித்து மஸ்கட் தூதரகத்தில் கொண்டுபோய் விட்டாள். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்களுக்குத் தூதரகம் கொடுக்கிற அவுட்பாஸில் வந்து இறங்கினாள்.

திருவனந்தபுரத்தில் போய்க் கூட்டி வந்தேன். கைப்பை ஒன்றுதான். கார் நாகர்கோவில் தாண்டின பிறகு அதிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். என் கடிதம். லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்! அங்கே போலீஸ் பிடித்தால் காட்டலாம், நான் நல்ல பிள்ளை என்று அதில் சிஸ்டர் எழுதியிருக்கிறார்களே என்று மூன்று வருஷம் வைத்திருந்தாளாம். ஆரல்வாய்மொழி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

கடத்தல் என்ற வார்த்தையே நம்மை ஏமாற்றுகிறது. வேனில் வாயைப் பொத்தித் தூக்கிப் போவான் என்று சினிமா பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்டது. இவளைத் தெருவே ஆட்டோவில் ஏற்றிவிட்டது, லட்டு கொடுத்து. ஐ.நா.வின் 2000-ம் வருஷ உடன்படிக்கையில் இருக்கிறது, ஏய்த்து வாங்கின சம்மதம் சம்மதமே ஆகாது என்று. பயிற்சியில் கேட்டபோது குறிப்பெடுத்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு என் கையெழுத்துக்கும் பொருந்தும் என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

உன் பூட்டனாரின் வெள்ளிப் பூண் போட்ட கங்காணிக் கம்பு இன்னும் உன் வீட்டு வாசலில் தொங்குகிறதா? பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை அதைச் சொல்லிப் பீற்றியிருக்கிறாய்! கோபப்படாதே ஏட்டி, யோசித்துப் பார். தோட்டத்துரையா ஊர் ஊராக வந்து ஆள் பிடித்தான்? சொந்தச் சாதி, சொந்தத் தெரு, கல்யாணம் காட்சிக்கு மொய் வைக்கிற மனுஷன்தான் கங்காணியாக வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். கடன் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவோம் என்று இலங்கையில் ஒரு சீட்டு இருந்ததே, துண்டு என்று. 1921-ல் ஒழித்தார்கள். அந்தக் கபில் கேட்டது வேறு என்ன?

முந்தாநாள் நடந்ததைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பிப்ரவரி 8 புனித பகித்தா திருநாள், ஆள் கடத்தலுக்கு எதிரான ஜெப நாளும் அதுதான். பூசை முடிந்து என்னைப் பேசச் சொன்னார்கள். சூடான் தார்ஃபூரில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பிடித்துக்கொண்டு போனார்கள், பயத்தில் சொந்தப் பெயரே மறந்துவிட்டது, 'அதிர்ஷ்டக்காரி' என்று பொருள்படும் பகித்தா என்ற பெயரே பிடித்தவர்கள் வைத்தது என்று சொன்னேன். கை மாறிக் கை மாறி இத்தாலியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. கவனி, பிள்ளை பார்க்கிற வேலை. வீட்டுக்காரியம்மாள் அவளையும் குழந்தையையும் வெனிஸில் கனோசா சபைக் கன்னியரிடம் விட்டிருந்தாள். திரும்பவும் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போக வந்தபோது இவள் வரமாட்டேன் என்று நின்றாள். விஷயம் அதிகாரிகளிடம் போய், 1889 நவம்பர் 29 அன்று, இந்த மண்ணில் அடிமை கிடையாது, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறேன், முதல் வரிசையில் அந்த அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா பேசுனீய சிஸ்டர். பாவம், கேக்க நாதி இல்லாமப் போச்சே அந்தப் பிள்ளைக்கு." எனக்குத் தலை சுற்றியது. ஓரமாகக் கூட்டிப்போய் நம் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு முகம்கூட மாறவில்லை. "நானும் பதினோரு வருஷம் கத்தாமாவா இருந்தவதான். என்னையும் ஒருத்திதான் கூட்டிட்டுப் போனா. வீடு கட்டலியா, மகளைக் கட்டிக் கொடுக்கலியா? இவளுக்கு வீடு சரியா அமையல. அதுக்கு நான் என்ன செய்ய?" அப்புறம் போகிற போக்கில், "நீங்களுந்தானே கையெழுத்துப் போட்டீய."

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும், நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது. கொடுத்தால் அந்த அட்டையையும் சேர்த்துக் கொடு, என்னையும் கூப்பிட்டு விசாரிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சபைத் தலைவியிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் நெற்றியைத் தடவிக்கொண்டார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் அனுப்ப மாட்டேன். உன் மகள் தங்கமானவள்தான், அவளுக்குத் தொட்டில் ஆட்டினவள் நான். ஆனாலும் 'நான் சொன்னால் நம்பி அனுப்புவார்கள்' என்பதால் ஒரு பிள்ளை போகக் கூடாது. வேண்டுமானால் அவளே இங்கே வரட்டும். வருகிறவளின் அம்மா முன்னால் உட்கார்ந்து சம்பளம் எவ்வளவு, வாரத்தில் லீவு எந்த நாள், படுக்கை எங்கே என்று பேசட்டும், எழுதிக் கொடுக்கட்டும். போன் அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், பாங்குக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும். பதினெட்டு முடியாதவள் என்றால் பேச்சே வேண்டாம். இவ்வளவு கெடுபிடியா என்று உன் மாப்பிள்ளை முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இன்னொன்று. இவள் பத்தாவதைத் தனியாக எழுதப் போகிறாளாம். மற்றப் பாடமெல்லாம் சமாளிப்பாள். கணக்கில் முப்பத்தைந்து வேண்டும், நான் வைக்கிற பரீட்சையில் இருபத்திரண்டிலேயே நிற்கிறது. நான் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் உனக்குத் தெரியும், உன்னைப் பார்த்து எழுதித்தானே நானே தேறினேன். நீ முப்பது வருஷம் கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆகி சீரியல் பார்த்துக்கொண்டு இருக்கிறாய். ஒரு பத்து நாள் வந்து உட்காரேன். விருந்தினர் அறையைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன். வருகிற ரயிலை மட்டும் சொல், ஜங்ஷனுக்கு நானே வருகிறேன்.

உன்,
தூங்குமூஞ்சி

பி.கு. கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். வேர் மட்டும் துளிர்த்திருக்கிறது.